சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

அன்பு மாப்ளே,

உனக்கு எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்டுவதென்றால் முழுசாகத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லாரும் நலம். சின்னவள் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ தினமும் நீச்சலுக்குப் போகிறாய் என்று குண்டூசி சொன்னான். தண்ணீரைப் பார்த்தால் கரையிலேயே உட்கார்ந்துகொள்ளும் ஆளாச்சே நீ! படம் அனுப்பு, அப்புறம் நம்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

போன மாதம் ஒரு அம்மா போன் செய்தார். எங்கள் தளத்தில் வருடக் கணக்கு அறிக்கை கேட்டு பட்டனை அழுத்தியிருக்கிறார். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று பக்கம் வந்திருக்கிறது, வட்டம் சுற்றியிருக்கிறது. 40 நிமிடம். "எழுந்து போனா முதல்ல இருந்து ஆரம்பிச்சிடுமோன்னு அப்படியே உட்கார்ந்திருக்கேன் தம்பி" என்றார். சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். அவர் கேட்ட வேலை மூன்றாவது நிமிடத்திலேயே செத்துப் போயிருந்தது. மீதி 37 நிமிடமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் அனிமேஷன். அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லைடா.

ஆரம்பத்தில் காத்திருப்புப் பக்கமே கிடையாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பட்டனை அழுத்தினால் அதே ரெக்வெஸ்டுக்குள், அதாவது ப்ரௌசர் பதிலுக்குக் காத்திருக்கும்போதே, அறிக்கை முழுக்கத் தயாராகும். முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 60 விநாடி பார்க்கும். பின்னால் இருக்கும் சர்வர் வாயே திறக்கவில்லை என்றால் 504, 'நேரம் கடந்துவிட்டது' என்று கதவைச் சாத்திவிடும். பின்னால் வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேட்டவருக்கு அது எப்படித் தெரியும்? மறுபடி அழுத்துவார். ஒரே அறிக்கைக்கு ஐந்து வேலை ஓடும், டேட்டாபேஸ் திணறும், அறிக்கையே கேட்காதவர்களுக்கும் தளம் மெதுவாகிவிடும். டைம்அவுட்டை, அந்த 60 விநாடி எல்லையை, 300 ஆக்கு என்று நீ சொன்னாய். ஆக்கினேன். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் நீண்டது. கோபித்துக்கொள்ளாதே, அன்று எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

அப்புறம்தான் அந்த வட்டத்தைப் போட்டேன். அழுத்தியதும் ப்ரௌசரிலேயே சுற்ற ஆரம்பிக்கும்; சர்வரில் என்ன நடக்கிறது என்று அதற்கு எதுவும் தெரியாது. வேலை நடந்தாலும் சுற்றும், செத்தாலும் சுற்றும். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி அந்த அம்மாவிடம் 37 நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மொத்தமாக மாற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் அறிக்கை வேலை பழைய ரெக்வெஸ்டிலேயே ஓடட்டும், பக்கம் மட்டும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'எவ்வளவு ஆச்சு?' என்று தனியாகக் கேட்கட்டும் என்று வைத்தேன். கேட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அறிக்கை முழுசாக முடிந்த பிறகு எல்லாப் பதிலும் மொத்தமாக வந்து விழுந்தது. ஒரு முழு நாள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன். நம் சீனியர் 'தாத்தா' வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "செஷனை மூடினியா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அதேதான்! தளம் எழுதியிருக்கும் பிஎச்பி மொழியில், ஒரு ஆளின் விவரத்தை நினைவில் வைத்திருக்கும் செஷன் ஃபைலை ஒரு ரெக்வெஸ்ட் திறந்து வைத்திருக்கும் வரை, அதே ஆளின் அடுத்த ரெக்வெஸ்ட் வாசலிலேயே நிற்கும். அதை மூட செஷன்_ரைட்_க்ளோஸ் என்று ஒரே வரி. மனுஷன் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்.

ஆனாலும் வேலையை ரெக்வெஸ்டுக்குள் வைத்திருப்பதே தப்பு என்று அப்போது புரிந்துவிட்டது. இப்போது பட்டனை அழுத்தினால் முதலில் டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரி பதிவாகும். உடனே 303, அதாவது 'அங்கே போய்ப் பார்' என்று போட்டு அந்த வேலைக்கென்று இருக்கும் தனி முகவரிக்கு அனுப்பிவிடுவேன். அங்கே எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் நிலவரம்தான் தெரியும், புதிதாக ஒன்றும் கிளம்பாது. ஏபிஐ வழியாக, அதாவது பக்கம் இல்லாமல் வேறொரு ப்ரோக்ராமிலிருந்து, கேட்பவர்களுக்கு 202: 'வாங்கிக்கொண்டேன், இன்னும் முடியவில்லை.' ப்ரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளைச் சொல்லும், 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இது இருக்கிறது. இத்தனை வருஷம் நாம் ஏன் இதைத் தொடவே இல்லை மாப்ளே?

பின்னால் வொர்க்கர் என்று தனியாக ஓடும் ஒரு ப்ரோக்ராம் வரிசையிலிருந்து வேலையை எடுத்துச் செய்கிறது. 10 விநாடிக்கு ஒருமுறை அந்த வரியில் நேரத்தைக் குறித்துவிட்டுப் போகும். ஒரு நிமிடமாகக் குறிப்பு இல்லை என்றால் பக்கம் வட்டத்தை நிறுத்திவிட்டு, 'வேலை நின்றுவிட்டது, மீண்டும் தொடங்கவா?' என்று கேட்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே மற்றதெல்லாம் செய்தேன் என்று சொல்லலாம்.

சதவீதப் பட்டை வைக்கவில்லை. 99-இல் போய் நின்றுவிடும் பட்டையை நீயும் நானும் எத்தனை பார்த்திருக்கிறோம்! வேலை எப்படியும் மாதம் மாதமாகத்தான் நடக்கிறது, அதையே காட்டுகிறேன். இப்போது பக்கத்தில் இருப்பது இதுதான்:

'உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது. 12 மாதக் கணக்கில் 5 முடிந்தது. இந்தப் பக்கத்தை மூடினாலும் வேலை நிற்காது. அறிக்கை தயாரானதும் என் அறிக்கைகள் பகுதியில் இருக்கும்.'

இந்த நாலு வரிக்கு, ப்ரோக்ராம் எழுதியதை விடவும் அதிக நேரம் ஆனது. இன்னொன்று, சின்ன அறிக்கை இரண்டே விநாடியில் முடிந்துவிடும். அதற்குப் போய்க் காத்திருப்புப் பக்கத்தைக் காட்டினால் கண்ணில் வெட்டிவிட்டுப் போகிறது. அதனால் முதல் மூன்று விநாடி சும்மா பார்த்துவிட்டு, முடியாவிட்டால்தான் காட்டுகிறேன். பயன்படுத்த எளிதான வடிவமைப்பு பற்றி எழுதும் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதியதில் 1 விநாடி, 10 விநாடி என்று எல்லைகள் உண்டு; பத்தைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்பார். போகட்டும் என்று விடுகிற பக்கம்தான் நமக்கு வேண்டும்.

நீ பணம் கட்டும் பக்கம் ஒன்று எழுதினாயே, 'ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பின்னால் போகாதீர்கள்' என்று சிவப்பில் போட்டு, அது இன்னும் அப்படியே இருக்கிறதா? அதை எடுத்துவிடுடா, கெஞ்சிக் கேட்கிறேன். பதற்றத்தில் இருக்கிறவர் கை தானாக ரெஃப்ரெஷுக்குத்தான் போகும். ஃபார்மைக் காட்டும்போதே அதில் ஒரு தனி எண் வைத்துவிடு. அதே எண் இரண்டாம் முறை வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடு. நெட் போனாலும் அவர் பணம் இரண்டு முறை போகாது.

புதுப் பக்கம் ஏறிய அன்றே அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். மறுபடி அறிக்கை கேட்டார், வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். "நிஜமாவே மூடிடலாமா தம்பி?" என்றார். மூடலாம்மா என்றேன். லாகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் காலை 7 மணிக்குத் திறந்து பார்த்திருக்கிறார்.

குண்டூசியிடம் நான் கேட்டதாகச் சொல். நீச்சல் படம் மறக்காதே.

உன்,
மாப்ளே