மூன்று மஞ்சள் ஒயர்கள்

செல்லூர், மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

இங்கே அனைவரும் நலம். நீ அனுப்பிய தைலம் வந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி அதில் நன்றாகக் கேட்கிறது. பெரியவன் விஷயம் பழையபடிதான் இருக்கிறது. அத்தை வீட்டுக் கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை உன் அலுவலக விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உன் பைக்கின் பேட்டரி இறங்கிப்போனதால்தான் தீபாவளிக்கு நீ வரவில்லை என்று அம்மா சொன்னாள். ஓசூரிலிருந்து மதுரைக்கு பஸ் இருக்கிறது. சரி, அது போகட்டும். ஒரே வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியிருக்கிறாய். மூன்றுமே கெட்ட பேட்டரியாக இருக்க முடியாது. மாற்றிக் கொடுத்தவர்கள் ஒருவராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா? பேட்டரியைக் கொல்வது வேறு ஒன்று. பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவோடு வைக்கிற ஆர்.ஆர். (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட்டாக இருக்கும், இல்லையென்றால் அதற்கு வரும் மூன்று மஞ்சள் ஒயர்களை இணைக்கும் கப்ளராக இருக்கும். முதலில் கப்ளரைப் பார். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் அதைத் தொட்டுப் பார்.

அந்த யூனிட் உள்ளே என்ன செய்கிறது என்பதை உனக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

எஞ்சினோடு சேர்ந்து மேக்னெட் சுற்றுகிறது. அதன் நடுவே இருக்கும் காயிலில் கரண்ட் உண்டாகிறது. காரில் அந்தக் காந்தமே கரண்டில் உண்டாவது. அதற்குக் கொடுக்கும் கரண்டைக் குறைத்தால் உற்பத்தியும் குறைந்துவிடும். நம் வண்டியில் இருப்பது நிலையான காந்தம். அதைக் குறைக்க வழி இல்லை. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வோல்ட் ஏறிக்கொண்டே போகும். கப்ளரைக் கழற்றிவிட்டு வேகம் கொடுத்தால் இரண்டு மஞ்சள் ஒயர்களுக்கு நடுவே 50, 60 வோல்ட் ஏ.சி.கூட வரும். பேட்டரியோ 14.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

தாத்தா ஊர்க் கண்மாயை நினைத்துப் பார். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டே இருக்கும். வராதே என்று அதனிடம் சொல்ல முடியாது. கண்மாய் அளவுக்கல்லைத் தொட்டதும் நீர்ப்பாய்ச்சி என்ன செய்வார்? வாய்க்காலின் கரையை வெட்டி, வருகிற தண்ணீரை அப்படியே ஓடையில் திருப்பிவிடுவார். யூனிட்டும் அதைத்தான் செய்கிறது. உள்ளே ஆறு டயோடுகள் இருக்கின்றன; டயோடு கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும். திசை மாறி மாறி வரும் ஏ.சி.யை அவை ஒரே திசையில் ஓடும் டி.சி. ஆக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. பேட்டரியில் சேர்ந்தது திரும்பி ஓடாமல் தடுப்பதும் அவைதான். அளவுக்கல்லின் வேலையைச் செய்வது சீனர் டயோடு. சுமார் 14.4 வோல்ட் வந்ததும் அது மதகு போலத் திறந்து மூடும் மூன்று எஸ்.சி.ஆர்.களுக்குச் சைகை கொடுக்கும். அவை மஞ்சள் ஒயர்களை எர்த்தோடு இணைத்துவிடும். ஒருமுறை திறந்த எஸ்.சி.ஆர்., அந்த அலை முழுவதும் வடிந்து கரண்ட் பூஜ்யத்துக்கு வந்தால்தான் மூடும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை இப்படித் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது.

ஓடையில் விட்ட தண்ணீர் போய்விடும். கரண்ட் அப்படிப் போவதில்லை. காயிலுக்கும் எஸ்.சி.ஆருக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து சூடாக மாறுகிறது. அதனால்தான் அந்த அலுமினியப் பெட்டிக்கு விசிறி மடிப்புகள் வைத்திருக்கிறார்கள். காற்றுப் படாத இடத்தில் மாட்டினாலும், மடிப்புகளில் சேறு அப்பினாலும், சூட்டை உள்ளேயே வாங்கி வாங்கி ஒரு நாள் நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் விளக்கை அணைக்க சுவிட்ச் கிடையாது. பகலிலும் விளக்கு எரிவதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று சிலர் சொல்வார்கள். யூனிட் நன்றாக இருந்தால் அந்த விளக்குக்கும் கொடுத்து பேட்டரிக்கும் கொடுக்கும்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பார். எஞ்சின் நிற்கும்போது 12.6 இருக்க வேண்டும். வேகம் கொடுத்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்து உப்பும். 12லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதே. வோல்ட் எகிறி நல்ல யூனிட்டும் போய்விடும். கப்ளரைத் தொட்டுப் பார். மறந்துவிடாதே.

நீ தனியாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாய் என்று அம்மாவிடம் சொல்கிறேன். இந்தத் தெருவில் முதலில் கியர் வண்டி ஓட்டிய பெண் நீ; கடைக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் அதைச் சொல்கிறேன். ஆனால் அம்மாவோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அப்பா இருக்கிறாரா என்று கேட்பதுகூட இல்லை. மாப்பிள்ளையும் ஆடியிலிருந்து போன் செய்யவில்லை. வேலை அதிகம் என்கிறாய். இருக்கலாம்.

தைலம் வந்த கூரியர் சீட்டில் அனுப்புநர் விலாசம் வேறாக இருந்தது. அம்மா பார்ப்பதற்கு முன் அதைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒத்தக்கடைக்காரர் வண்டி ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? யூனிட்டை மாற்றிவிட்டு, கப்ளரை நீ மாட்டினாய். அன்று இரவு மேலூர் ரோட்டில் வண்டி நின்று, அவர் நான்கு மைல் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் கடையில் எல்லாருக்கும் முன்னால், ‘பெண் பிள்ளை கை வைத்த வேலை இப்படித்தான் இருக்கும், இனிமேல் பட்டறைப் பக்கம் வராதே’ என்றேன். நீ கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பச்சைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாய்.

அன்று சாயங்காலம் அந்தக் கப்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பூட்டு முழுவதும் விழுந்திருந்தது. நீ மாட்டியது சரியாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் கருத்திருந்தது. அந்தப் பக்கத்து டெர்மினலை, ஒயர் முனையில் இருக்கும் உலோகக் கவ்வியை, வெட்டி எடுத்தேன். அதன் வாய் விரிந்து கிடந்தது. முந்தின நாள் காயிலைச் சோதிக்கும்போது மீட்டரின் தடித்த முனையை அதற்குள் அழுத்திக் குத்தியது நான்தான். வாய் விரிந்தால் பிடி தளரும், பிடி தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் உருகும். தப்பு என்னுடையது. அது எனக்கு அன்றே தெரியும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். நீ தட்டைக் கொண்டுவந்து வைத்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நீ பட்டறைக்கு வரவே இல்லை. பாலிடெக்னிக் வேண்டாம், காமர்ஸ் எடுக்கிறேன் என்றாய். அடுத்த மாதம் சைக்கிள் செயின் அறுந்தபோது என்னிடம் சொல்லாமல் மூன்று நாள் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டே போனாய். ஒன்று கெட்டுப்போனால் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். 17 வருடம் கழித்து எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள், தாயி.

எஸ்.சி.ஆருக்குப் பதிலாக மாஸ்ஃபெட் வைத்த யூனிட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழையது செய்த வேலையையே குறைந்த சூட்டில் செய்யும். புதுக் கப்ளர், ஆறு டெர்மினல், என் பழைய மீட்டர் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிட்டேன். மீட்டர் முனையில் மெல்லிய ஊசி பற்றவைத்திருக்கிறேன்; ஒயர் பக்கமாகப் பின்னாலிருந்து விட்டுப் பார், முன்வாயில் குத்தாதே. நீயே மாட்டு. உனக்கு வரும்.

பார்சலை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் எழுது. கூரியர் சீட்டில் இருந்த விலாசம் என்றால் அதற்கே அனுப்புகிறேன். நானே கொண்டுவர வேண்டும் என்றாலும் சொல்; கடையை இரண்டு நாள் அடைத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா