பத்து ஆராங்கில் கரி வெட்டியவர்களின் பெயர்கள் எங்கே?

சிலாங்கூர் மாநில அரசுக்கும் செலாயாங் நகராண்மைக் கழகத்துக்கும்,

வணக்கம். சிலாங்கூரின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பத்து ஆராங்கின் செங்கல் சூளைப் புகைபோக்கிகளையும் பழைய சுரங்க வாயையும் காப்பாற்ற வேண்டும் என்று பலர் கேட்டுவிட்டார்கள். அது அவசியம்தான். நான் கேட்க வந்தது, அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களைப் பற்றி.

1915இல் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் இங்கே கரி வெட்டத் தொடங்கியது. 1960இல் மூடும்வரை சுமார் 1.5 கோடி டன் வெளியே வந்தது. குவாங்கிலிருந்து பிரிந்து வந்த கிளைப் பாதை வழியாக அது நாடெங்கும் போனது. மலாயாவின் ரயில் எஞ்சின்கள், ஈயச் சுரங்கங்கள், பங்சார் மின் நிலையம் எல்லாம் இந்தக் கரியை நம்பித்தான் இருந்தன. அப்புறம் எண்ணெய் வந்தது, ரயில் டீசலுக்கு மாறியது, ஊரின் கதை முடிந்தது.

ஆனால் அந்தக் கரியை வெட்டியது லேசுப்பட்ட வேலையா? இங்குள்ளது இளம் வகை நிலக்கரி. காற்றுப் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். குனிந்து வெட்டிக்கொண்டிருப்பவனுக்கு எதிரே தெரிவது வெறும் கறுப்புச் சுவர். அதற்குப் பின்னால் எங்கே கனல்கிறது என்று யார் சொல்வது? அந்தப் பயத்தோடுதான் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் இந்த ஊரில் உழைத்தார்கள்.

1937 மார்ச்சில் நடந்ததை எத்தனை பேர் அறிவார்கள்? கூலியை உயர்த்தக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே கரி நின்றால் ரயிலும் மின்சாரமும் நிற்கும் என்று காலனி அரசு பதறிப்போனது. போலீசையும் படையையும் அனுப்பி அதை ஒடுக்கியது. இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இது பெரிய அத்தியாயம். நம் பிள்ளைகள் இதைத் தெரியாமலே வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

வார இறுதியில் ஊருக்கு வருபவர்கள், திறந்தவெளியில் தோண்டிய பள்ளங்கள் ஏரியாகிக் கிடப்பதைப் படமெடுக்கிறார்கள். செடி முளைத்த செங்கல் சுவர்களைப் பார்க்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தை வெட்டியது யார் என்று அவர்களுக்கு நாம்தானே சொல்ல வேண்டும்?

சுரங்கம் மூடும்போது இருபது வயதில் இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதனால் கட்டடத்துக்கு முன்பாக மனிதர்களிடம் போங்கள். மிஞ்சியிருப்பவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் தேடிப்பிடித்து, அவரவர் மொழியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் சம்பளச் சீட்டு, புகைப்படம் எதுவானாலும் நகலெடுத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். விபத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டி, சுரங்க வாய் அருகில் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் பொறித்து வையுங்கள்.

இதில் முதல் வேலைக்குப் பெரிய ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. உள்ளூர்ப் பள்ளி மாணவர்களையும் ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையையும் சேர்த்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேத்தி