இழையின் மேற்பரப்புப் பதப்படுத்தலும் தரவிதியில் இடம்பெற வேண்டும்

இழையைப் பிசினில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருள்களுக்கான தரவிதிகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். என் சோதனைக்கூடத்துக்கு வரும் பொருள் விவரப் படிவங்களில் இழையின் வகை, எடை விகிதம், பிசினின் பெயர், இழுவிசை வலிமை எல்லாம் தவறாமல் இருக்கின்றன. இழையின் மேற்பரப்பு எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. அதைக் கட்டாயமாக்குமாறு கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் கொண்ட இரண்டு தகடுகளை ஒருமுறை சோதித்தேன். இழையின் அளவு இரண்டிலும் ஒன்றே. உலர்ந்த நிலையில் வலிமையும் ஏறக்குறைய ஒன்றே. கொதிநீரில் ஊறவைத்து எடுத்தபின் ஒரு தகடு வெளிறிப்போய், வளைத்ததும் அடுக்கடுக்காகப் பிரிந்தது. உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழைகள் துடைத்துவைத்தாற்போல் வழவழவென்று நீட்டிக்கொண்டிருந்தன. இழை உருவிய இடமெல்லாம் பிசினில் வெறும் பள்ளம். மற்றத் தகட்டில் ஒவ்வோர் இழையின்மேலும் பிசின் துணுக்குகள் விடாமல் ஒட்டியிருந்தன. பிரிந்துபோன முதல் தகட்டின் இழை, எபாக்சி என்ற வேறொரு பிசினுக்கென்றே பூச்சிடப்பட்டது என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

கண்ணாடி இழையைப் பிசினோடு இணைக்கப் பூச்சில் சேர்க்கப்படும் வேதிப்பொருள் சைலேன். அதன் மூலக்கூறின் ஒரு முனையிலுள்ள ஆல்காக்சி தொகுதிகள் நீரால் பிளவுற்று, கண்ணாடிப் பரப்பின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு பிணைகின்றன. மறுமுனை பிசினோடு வினைபுரிய வேண்டும். எபாக்சிக்கு அமினோ முனை பொருந்தும். பாலியெஸ்டருக்கோ, அது இறுகும்போது அதன் சங்கிலியில் சேரக்கூடிய வினைல் அல்லது மெத்தாக்ரிலேட் முனை வேண்டும். பொருந்தாத இடத்தில் நீர் இழையோரமாகவே உள்ளே ஏறிவிடும். பிசின் சுருங்கி இழையை இறுக்கிப் பிடித்திருப்பதால், உலர்ந்த சோதனையில் இந்தக் குறை வெளிப்படாமல் போகலாம்.

5 முதல் 7 மைக்ரான் விட்டமே உள்ள கார்பன் இழையை மின்வேதி முறையில் ஆக்சிஜனேற்றம் செய்வதும், தாவர இழையைச் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மெழுகையும் ஹெமிசெல்லுலோசையும் நீக்குவதும் இழையைப் பிசினோடு பிணைக்கும் இதே நோக்கத்துக்காகத்தான். இவற்றில் அளவு மீறினால் இழையே நலிந்துவிடும். பிணைப்பு உறுதியாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அது மிகையானால், விரிசல் இழையோரம் திரும்பி ஆற்றலை இழப்பதற்கு மாறாக இழைகளை நேரே வெட்டிக்கொண்டு போகும், பொருளும் நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே ‘பதப்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள்.

பூச்சின் வேதி வகை, அது எந்தப் பிசினுக்கானது, இழையின் எடையில் அதன் சதவீதம், பதப்படுத்திய நாள் ஆகியவற்றைப் படிவத்தில் கேளுங்கள். நாளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: பிளாஸ்மாவால், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவால், பதப்படுத்திய பரப்பு காற்றில் கிடக்கக் கிடக்கத் தன் வினைத்திறனை இழக்கிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் பிரியாமல் தாங்கும் திறனான அடுக்கிடை வெட்டு வலிமையை உலர்ந்த நிலையிலும் நீரில் ஊறிய பின்னும் அளந்து, இரண்டு எண்களையும் அருகருகே பதியச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவர்