சிரிப்பு வராததற்குத் துணுக்கு மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் பத்திரிகையில் வரும் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு இப்போதெல்லாம் சிரிப்பே வருவதில்லை என்று ஒரு வாசகர் குறைபட்டு எழுதியிருந்தார். எனக்கும்தான் வருவதில்லை. ஆனால் பழியை மொத்தமாகத் துணுக்கு எழுதுகிறவர் தலையில் போடுவது நியாயமில்லை.

போன மாதம் அலுவலகத்தில் மேலாளர் எங்கள் எட்டுப் பேரையும் உட்காரவைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அவருடையது ஏற்றி இறக்கும் சுழல் நாற்காலி, அதில் என்ன கோளாறோ, அவர் குரல் ஏற ஏற நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. கோபத்தில் அவருக்கு அது உறைக்கவே இல்லை. முதலில் மேசைக்கு மேல் சட்டைப்பை வரை தெரிந்தவர், "பொறுப்புன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டபோது கழுத்துக்கு மேல்தான் தெரிந்தார். நான் உதட்டைக் கடித்துச் சமாளித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் இருமுவது போல ஒரு சத்தம் விட்டார் பாருங்கள், அவ்வளவுதான், எட்டுப் பேரும் வெடித்துவிட்டோம். அப்புறம் வாங்கிய திட்டு தனிக் கதை.

வீட்டில் மனைவியிடம் இதையே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னேன். "சரி, நாற்காலி ரிப்பேர். அதுக்கென்ன?" என்றாள்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது மனதின் உணர்ச்சி உடம்பில் தெரியும் வகைகளில், நகையைத்தான் முதலில் வைக்கிறார், அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்கிறார். எங்களுடையது எள்ளல்தான், மறுக்கவில்லை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1790ல், இறுகி நிற்கும் எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதுதான் சிரிப்பு என்றார், அதுவும் பொருந்துகிறது. ஆனால் மனைவி ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன்தான் அதைப் பிடித்தார்: தனியாக இருக்கும்போதைவிட நாலு பேரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோமாம். ஜனங்கள் பேசிக்கொண்டிருக்கையில் வந்த 1,200 சிரிப்புகளைக் குறித்துப் பார்த்ததில், ஜோக் என்று சொல்லத்தக்க பேச்சுக்கு வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் 'அப்ப கிளம்பட்டுமா' என்கிற மாதிரி சாதாரணப் பேச்சுக்கு வந்தவை. பேப்பரையோ காலையில் தனியாக உட்கார்ந்துதான் படிக்கிறோம், பாவம் துணுக்கு என்ன செய்யும்?

அதற்காக உங்களையும் விட்டுவிட முடியாது. 'ஞாபகமறதி டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டு, பக்கத்தில் தலையைச் சொறியும் டாக்டர் படமும் போட்டுவிட்டு, அவர் மறந்துபோனதைக் கடைசி வரியில் சொன்னால் எப்படிச் சிரிப்பது? நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வருவதில்லை, கை எங்கே படப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. உங்கள் தலைப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது. தயவுசெய்து தலைப்பை எடுத்துவிடுங்கள். முடிவில் 'ஹி... ஹி...' என்று நீங்களே சிரித்துக்கொள்வதையும்.

மேலாளருக்குப் புது நாற்காலி வந்துவிட்டது. ஆனால் அவரிடம் லீவு கேட்கப் போன ஒருவர் போன வாரம் யதார்த்தமாக, "சார், நீங்கதான் கொஞ்சம் இறங்கி வரணும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் ஏழு பேரும் ஆளுக்கொரு ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்