வயர்லெஸ்ஸை பேஸ்மென்ட்டில் வைத்துச் சோதியுங்கள்

அவசர உதவித் துறைகளுக்குப் புதிய வயர்லெஸ் அமைப்பைத் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். கன்ட்ரோல் ரூமில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பல வருஷம் உட்கார்ந்தவன் நான். பழைய அமைப்பை மாற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷப்பட்டேன். பேட்டரி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்ட வயர்லெஸ் செட்டோடு ஆட்கள் புகைக்குள் போவதைப் பார்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்? உதிரி பாகம் கிடைக்காமல், செத்துப்போன செட்டைப் பிரித்து வேறு இரண்டுக்கு உயிர் கொடுப்பார் எங்கள் மெக்கானிக்.

நம் மொழியில் 'இல்லை', 'வேண்டாம்' எல்லாம் கடைசியில்தான் வரும். பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பட்டனைக் கொஞ்சம் முன்னதாக விட்டாலும், சிக்னல் தேய்ந்தாலும் அந்த வால் அறுந்துவிடும். ஒருநாள் "உள்ளே ஆள்" என்பதோடு குரல் நின்றது. ஆள் இருக்கிறாரா, இல்லையா? மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "உள்ளே ஆள்", அப்புறம் கரகரப்பு. நான்காவது முறைதான் "இல்லை" வந்தது. அதற்குள் இரண்டு பேர் மறுபடி உள்ளே போய்விட்டார்கள். நல்லபடியாகத் திரும்பினார்கள், அதனால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது.

டிஜிட்டலுக்கு மாறினால் இது தீருமா? பாதி தீரும். பழைய அனலாக் முறையில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும். பழகிய காது அதற்குள்ளிருந்தும் ஒரு சொல்லைப் பிடித்துவிடும். டிஜிட்டலில் எல்லை வரை தெளிவாக இருக்கும், எல்லையைத் தாண்டியதும் குரல் உடைந்து அப்படியே அடங்கிவிடும். பல குழுக்கள் சேனல்களைப் பகிர்ந்துகொள்ளும் டிரங்க்கிங் முறையில் இன்னொன்றும் உண்டு. பட்டனை அழுத்தியபின் சேனல் கிடைக்க ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பிடிக்கும். 'பீப்' வருமுன் பேசினால் முதல் எழுத்துகள் போய்விடும். ஐந்தாவது மாடியும் பத்தாவது மாடியும் அப்போது 'தாவது மாடி'தான். பயிற்சிக்கு நாள் ஒதுக்காமல் செட்டை மட்டும் கையில் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

கம்பெனிக்காரர்கள் ஒரு வரைபடம் காட்டுவார்கள், 95 சதவீதப் பரப்பில் சிக்னல் உண்டு என்பார்கள். எதில் 95 என்று கேளுங்கள். தெருவில் செட்டை முகத்துக்கு நேரே பிடித்து நிற்பவருக்கா, பேஸ்மென்ட்டில் இடுப்பில் செருகிக்கொண்டு தவழ்பவருக்கா? கான்கிரீட்டும் இரும்பும் போதாதென்று மனித உடம்பே சிக்னலை விழுங்கும். டவர் எட்டாத இடத்தில் செட்டுக்குச் செட்டு நேராகப் பேசும் வசதி கட்டாயம் வேண்டும். ரம்பம் ஓடும் சத்தத்திலும் பேசிப் பாருங்கள். டிஜிட்டல் செட்டுகள் மனிதக் குரலுக்கென்றே கணக்குப் போட்டவை, பக்கத்தில் பெரிய சத்தம் இருந்தால் குரலும் சேர்ந்து குழம்பலாம். கனமான கையுறையோடு செட்டின் குமிழைத் திருப்ப முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

செல்போன்தான் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். பேரிடர் நேரத்தில் ஊரே போன் போடும்போது அது கிடைக்காது, அவ்வளவுதான்.

துறைகள் ஒன்றோடொன்று பேச முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் காலை 9.59க்கு விழுந்தது. வடக்குக் கோபுரம் 10.28 வரை நின்றது. அதுவும் விழும்போல இருக்கிறது என்று போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள், ஆனால் போலீஸ் சேனலில். வடக்குக் கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்கள் பலருக்குப் பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியாது. அன்று 343 பேரைத் தீயணைப்புத் துறை இழந்தது. பொதுச் சேனல் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'விருப்பத் தேர்வாக' இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நான் கேட்பது பெரிதில்லை. கையெழுத்துக்கு முன் ஒருநாள், செட்டைத் தினமும் சுமப்பவர்களைக் கூட்டிக்கொண்டு ஆழமான பேஸ்மென்ட் உள்ள கட்டடத்துக்குப் போங்கள். மாநாட்டு அறையில் எல்லா செட்டும் நன்றாகத்தான் பேசும். புதியது நிலைபெறும்வரை பழையதை அணைக்காதீர்கள், ரப்பர் பேண்டோடாவது இருக்கட்டும்.

தேதியைச் சொன்னால் நானும் வருகிறேன். கீழே நிற்பவர் "உள்ளே ஆள் இல்லை" என்று ஒருமுறை சொல்லட்டும், நான் மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்