டபுள் பேஸில் பாக்: சுருதியை மாற்றுவது அவமரியாதையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், செல்லோ என்னும் வில் வாத்தியத்தில் தனியாக வாசிப்பதற்காக இயற்றிய ஆறு தொகுதிகளைப் பற்றித் தங்கள் இசைப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், அவற்றை, செல்லோவைவிடப் பெரிய, தாழ்ந்து ஒலிக்கும் டபுள் பேஸில் வாசிப்பவர்கள் மூலச் சுருதியை மாற்றுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று அதில் எழுதியிருப்பதை, அந்த வாத்தியத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ எனக் கீழிருந்து மேலாக ச–ப இடைவெளியில் அமைந்தவை. டபுள் பேஸின் தந்திகளோ ஈ, ஏ, டி, ஜி என ச–ம இடைவெளியில் அமைந்தவை. சிக்கல் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. சி மேஜரில் அமைந்த மூன்றாம் தொகுதியின் பிரெலூட் என்னும் தொடக்கப் பகுதி, தொடங்கிய உடனே இரண்டு ஸ்தாயி இறங்கி, செல்லோவின் மிகத் தாழ்ந்த திறந்த தந்தியில் (விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்தியில்) வந்து நிற்க, வாத்தியம் முழுவதும் அதிர்கிறது. அதை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க முனைந்தால் அந்த சி ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸில் விழுகிறது. நான்கு தந்திகள் கொண்ட சாதாரண டபுள் பேஸோ 41 ஹெர்ட்ஸ் அளவிலான ஈ ஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. தாழ்ந்த தந்தியை நீளமாக்கும் நீட்டிப்புப் பொருத்திய வாத்தியத்தில் அந்த ஸ்வரம் கிடைக்கும் என்றாலும், அந்த ஆழத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள் பிரித்தறிய முடியாதபடி குழம்பிவிடுகின்றன.

ஏ மேஜருக்கு மாற்றினால் அந்த இறக்கம் திறந்த ஏ தந்தியில் முடிந்து, செல்லோவில் கேட்கும் அதே முழக்கத்தைத் தருகிறது. இழப்பும் உண்டு: பிற்பகுதியில் பல தாளக் கட்டங்களுக்குத் தொடர்ந்து அடியில் ஒலிக்கும் ஜி ஸ்வரம் செல்லோவில் திறந்த தந்தி, மாற்றிய சுருதியில் அது ஈ ஆகிவிடுவதால், அந்த உயரத்தில் திறந்த தந்தி கிடைப்பதில்லை. ஒரு திறந்த தந்திக்கு மேலுள்ள பஞ்சமம் அடுத்த தந்தியாக அமையாத வாத்தியத்தில் இறக்கம் முடியும் ஸ்வரம், அடியில் ஒலிக்கும் ஸ்வரம் இரண்டையும் திறந்த தந்தியில் ஒருசேரக் காக்கும் சுருதியே இல்லை. கனடாவின் டபுள் பேஸ் கலைஞர் ஜோயல் குவாரிங்டன் தம் வாத்தியத்தைச் செல்லோவைப் போலப் பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்ப்பதை நான் மதிக்கிறேன். ஆயினும் செல்லோவின் தந்தி நீளம் சுமார் 69 செ.மீ. என்றால் டபுள் பேஸில் அது ஒரு மீட்டருக்கும் மேல். கையை நகர்த்தாமல் ஒரு முழுத்தொனி (ச–ரி அளவு இடைவெளி) மட்டுமே எட்டும் மாணவருக்கு அந்தச் சுருதி அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாக்கே ஐந்தாம் தொகுதியை லூட் என்னும் மீட்டும் தந்தி வாத்தியத்துக்கு அமைத்தபோது சி மைனரிலிருந்து ஜி மைனருக்கு மாற்றினார். தாழ்ந்த ஸ்வரங்களையும் புதிதாகச் சேர்த்தார். செல்லோ வடிவத்தின் மூலக் கையெழுத்துப்படி தொலைந்துவிட, மனைவி அன்னா மக்தலேனா முதலியோர் எடுத்த பிரதிகளையே நாம் நம்பியிருக்கிறோம். லூட் வடிவமோ அவர் கைப்படவே எஞ்சியிருக்கிறது. அவர் செய்ததையே பிறர் செய்தால் அவமரியாதை ஆகுமா?

மூலச் சுருதியைவிட, பெயர்த்தெழுதுபவர் எதை மாற்றினார் என்பதை மறைக்காமல் இருப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. சுருதி மாற்றத்தையும், விட்டுவிட்ட அல்லது ஸ்தாயி மாற்றிய ஸ்வரங்களையும் பதிப்பாளர்கள் அந்தந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். செல்லோவின் மூல வரியையும் மேலே அச்சிட வேண்டும்.

இங்ஙனம்,
டபுள் பேஸ் கற்பிக்கும் வாசகர் ஒருவர்