அடைப்புக்குறிக்குள் ஒரு தற்காலிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் வந்தாலும் அதில், குறித்த திகதியோடு சட்டம் தானாகவே முடிந்துபோகும் என்ற காலாவதி விதி ஒன்று இருந்தால் போதும் என்கிறார்கள். போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப் பெயர் 'பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம்'. சட்டத்தரணி ஒருவரிடம் தட்டெழுத்தாளராக இருந்தபோது அந்த அடைப்புக்குறியை எத்தனை சத்தியக்கடதாசிகளில் அடித்திருப்பேனோ! ஒருநாள், மகனின் விஷயமாக வந்திருந்த அம்மா ஒருவருக்கு அடித்ததை வாசித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தி, "தம்பி, தற்காலிகம் எண்டா எத்தினை நாள்?" என்று கேட்டார்.

மூன்று வருடம். 29ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. அந்தத் தவணை முடிய முன்னரே, 1982இல் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அந்தப் பிரிவையே தூக்கிவிட்டார்கள். அடைப்புக்குறியை மட்டும் விட்டுவைத்தார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று பூட்டுப் போட்டிருந்தாலும் நின்றிராது. அன்றைய அரசிடம் அதற்கு மேலேயே ஆசனங்கள் இருந்தன.

சரி, அடிக்கடி வாக்கெடுப்பு வைத்தால்? அதையும் பார்த்தாயிற்று. அவசரகாலப் பிரகடனத்துக்கு ஆயுள் ஒரு மாதம்தான். 1983இலிருந்து 2011 ஆகஸ்ட் வரை, இடையில் சில காலம் தவிர, மாதாமாதம் பாராளுமன்றம் கூடி அதை நீடித்தது. "மேலும் ஒரு மாதத்துக்கு" என்று வானொலிச் செய்தியில் வரும். காலநிலை அறிக்கை கேட்பதுபோலக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம்.

ஆகவே, திகதி போடுவது மட்டும் போதாது. நீடிப்புக்கு வாக்குக் கேட்க முன்னர், எத்தனை பேர் பிடிபட்டார்கள், எத்தனை பேர் மீது வழக்குத் தாக்கலானது, எத்தனை பேர் குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள் என்ற கணக்கு சபைக்கு வர வேண்டும். இன்னொன்று: சட்டம் காலாவதியாகும் அன்றே அதன்கீழான தடுப்புக் கட்டளைகளும் காலாவதியாக வேண்டும். இந்தியாவில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 1995இல் நீடிக்கப்படாமல் போனது. ஆனால் அதன்கீழ் தொடுத்த வழக்குகள் ஓயவில்லை. பூந்தமல்லி தடா நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது 1998இல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர்,
வவுனியா